காப்பிதான் வந்துச்சு

ஐப்பசி அடைமழை. விடியற்காலை மூன்றரை மணிக்குப் பெரியம்மாவிடமிருந்து போன். "ஒங்க பெரியப்பா ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டாருடா. ஆளே ஒரு மாதிரியா இருக்காரு. காரை எடுத்துட்டு வா."

நான் போய்ச் சேர்ந்தபோது கூடம் பளிச்சென்று இருந்தது. பினாயில் வாசனை வாசல்வரை வந்தது. வாளியைக் கவிழ்த்து, தரையைத் துடைத்து, மிதியடியை அலசிக் கொடியில் போட்டு, பெரியப்பாவுக்கு வேட்டியும் மாற்றிவிட்டிருந்தார் பெரியம்மா. வீட்டில் யாராவது வாந்தி எடுத்தால் நம்மவர்களுக்கு அந்த வேகம் எங்கிருந்துதான் வருமோ தெரியாது. ஐந்தே நிமிஷத்தில் தடயமே இருக்காது.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் சின்னப் பெண். தூக்கக் கலக்கத்தோடு வந்து நாடியைப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "என்ன கலர்ல இருந்துச்சும்மா?"

"கலர் என்ன கலரு... வாந்தி வாந்தி மாதிரிதான் இருந்துச்சு."

"மஞ்சளா, பச்சையா, சிவப்பா?"

"ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி காப்பி குடிச்சாரும்மா. காப்பிதான் வந்துச்சு."

அந்தப் பெண்ணின் தூக்கம் கலைந்ததை நான் பார்த்தேன். "பால் காப்பி மாதிரியா? இல்ல, டிகாஷன் எறங்கினப்புறம் ஃபில்டர்ல தூள் மிஞ்சுமே, அது மாதிரியா?"

பெரியம்மா யோசித்தார். கும்பகோணத்தில் ஐம்பது வருஷமாக டிகாஷன் இறக்கும் கை அது. "தூள் மாதிரிதான். வாளி அடியில மண்டியா நின்னுச்சு. டிகாஷன்ல தூள் எறங்கிடுச்சு போலிருக்குன்னு நெனச்சேன்."

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. இரண்டு கையிலும் ஊசி குத்தி சலைன் ஏற்றினார்கள். ரத்த வகை பார்க்க ஒருவர் ஓடினார். "வெளிக்கி எப்படிப் போகுது, தார் மாதிரி கறுப்பா?" என்ற கேள்விக்குப் பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டே "நாலு நாளா" என்றார். அந்த நாலு நாளும் அதை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். பொழுது விடிந்ததும் எண்டோஸ்கோபி. முன்சிறுகுடலில் ஒரு புண், அதிலிருந்து ரத்தம்.

வயிற்றில் கசியும் ரத்தம் வெளியே வரும்போது சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கொஞ்ச நேரம் இரைப்பையில் தங்கினாலே அங்கிருக்கும் அமிலம் ரத்தத்தின் சிவப்பைக் கருஞ்சாந்தாக மாற்றித் துணுக்குத் துணுக்காகத் திரித்துவிடும். பார்க்க அச்சு அசலாகக் காப்பித்தூள் மண்டி. உலகமெங்கும் டாக்டர்கள் இதைக் 'காப்பித்தூள் வாந்தி' என்றுதான் எழுதுகிறார்கள். நம்மூரில் அந்தப் பெயரே ஆபத்து. ராத்திரி காப்பி குடிக்காத வீடு எது? அதனால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

காரணம் பெரியப்பாவின் மஞ்சள் பையில் இருந்தது. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக், எட்டு மாசமாக, பெரும்பாலும் வெறும் வயிற்றில். இந்த வகை வலி மாத்திரைகள் வலியைத் தூண்டும் ஒரு பொருள் உடம்பில் சுரப்பதைக் குறைக்கின்றன. இரைப்பையின் உள்தோலை அமிலத்திலிருந்து காப்பதற்கும் அதே பொருள்தான் வேண்டும். மூட்டு வலி குறையும்போதே இரைப்பைக்குக் காவலும் குறைந்துவிடுகிறது. போதாததற்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் பெரியப்பாவின் வயிற்றில் இருந்தது.

அந்தக் கிருமியின் கதையில் ஒரு வாந்தி வருகிறது. வயிற்றுப்புண் என்றால் கவலை, காரம், வேளைக்குச் சாப்பிடாதது என்றே எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து டாக்டர்கள் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் இது கிருமியின் வேலை என்றார்கள். நம்ப ஆளில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கரைத்துத் தானே குடித்துவிட்டார். சில நாளில் வாயில் துர்நாற்றம், குமட்டல், விடியற்காலை வாந்தி. மனிதர் அருவருக்காமல் அதையும் கவனித்திருக்கிறார்: வந்தது தெளிந்த நீர், அதில் அமிலப் புளிப்பே இல்லை. எண்டோஸ்கோபியில் அவருடைய இரைப்பை வீங்கிச் சிவந்திருந்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மார்ஷல் தன் வாந்தியைப் பார்த்தார். நாம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான் என் ஆற்றாமை. நம் பாட்டிமார்கள் பார்த்தார்கள் என்பதற்கு அவர்கள் விட்டுப்போன சொற்களே சாட்சி. வயிறு புரண்டால் குமட்டல். ஒன்றும் வெளியே வராமல் தொண்டையும் வயிறும் இழுத்தால் ஓங்கரிப்பு. புளித்தது தானாகத் தொண்டைவரை ஏறி வந்தால் எதுக்களிப்பு. பால் குடித்த குழந்தை சிரமமே இல்லாமல் கடைவாயில் வழியவிட்டால் கக்கல். வயிறு இறுகி, முழுவதும் வெளியே வந்தால்தான் வாந்தி. யாழ்ப்பாணத்தில் அதற்குச் 'சத்தி' என்று பெயர். இந்த வித்தியாசங்கள் டாக்டருக்கும் வேண்டியவை. கக்கும் குழந்தை எடை ஏறிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தால் அவர் துண்டை மாற்றச் சொல்லி அனுப்பிவிடுவார். "பீச்சி அடிக்குது டாக்டர், ரெண்டு அடி தள்ளிப் போய் விழுது" என்றால் உட்காரச் சொல்வார்.

அப்படிப் பீச்சி அடிப்பது பெரும்பாலும் பிறந்து மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கும். ஆண் குழந்தைகளுக்கு அதிகம். இரைப்பையின் கீழ்வாய்த் தசை தடித்துப்போய்ப் பாலைக் கீழே விடாது. குடித்த பால் தயிர்தயிராகத் திரும்பி வரும். வந்த கையோடு பிள்ளை மறுபடி பாலுக்கு அழும். தடித்த தசையைக் கீறிவிடும் சிறு அறுவை சிகிச்சையை 1912-ல் ஜெர்மானியர் ராம்ஸ்டெட் எழுதிவைத்தார். இன்றைக்கும் அதுதான் வைத்தியம். இந்த வாந்தி வெள்ளையாகவே இருக்கும், எத்தனை தடவை வந்தாலும் பச்சை கலக்காது.

ஏன் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கல்லீரலில் ஊறும் பித்தநீர், இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலின் தொடக்கத்தில் வந்து திறக்கிறது. அந்தத் திறப்பை மைல்கல்லாக வைத்துக்கொள்ளுங்கள். அடைப்பு அதற்கு மேலே இருந்தால் வாந்தியில் பித்தம் கலக்க வழியில்லை. கீழே இருந்தால், போக வழியில்லாத பித்தம் மேலே ஏறி வந்து பச்சையாக்கிவிடும். பிறந்து சில நாளான சிசு பச்சையாக வாந்தி எடுத்தால், வேறொன்று என்று உறுதியாகும்வரை அதைக் குடல் முறுக்கு என்றே நினைக்க வேண்டும் என்று குழந்தை அறுவை சிகிச்சை நிபுணர்கள் படித்துப் படித்துச் சொல்வார்கள். குடல் சரியாகச் சுழன்று அமையாமல் பிறக்கும் சில குழந்தைகளுக்கு அது தன்னைத்தானே முறுக்கிக்கொள்கிறது. ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும்.

நம்மூரில் அந்தச் சில மணி நேரம் எங்கே போகிறது? "உரம் விழுந்திருக்கு" என்று பிள்ளையைச் சேலையில் போட்டு உருட்டுவதில் போகிறது. "தொக்கம் எடுக்கப்படும்" என்று போர்டு மாட்டிய வீட்டு வாசலில் டோக்கனோடு காத்திருப்பதில் போகிறது. உரை மருந்து உரசி நாக்கில் தடவிவிட்டு "நாளைக்குப் பார்ப்போம்" என்பதில் போகிறது. பாட்டியின் கண் பச்சையைச் சரியாகவே பார்த்துவிட்டது. காரணம்தான் தப்பு. பச்சை வாந்திக்கு உள்ளூரில் ஒரு வைத்தியம் இருக்கிறது என்று நம்பி ஒரு இரவைக்கூடக் கடத்தக் கூடாது.

பெரியவர்களின் மஞ்சள், பச்சை வாந்தி வேறு கதை. அது பெரும்பாலும் அவ்வளவு பயங்கரமல்ல. மூன்று நான்கு தடவை எடுத்தபிறகு வயிற்றில் சோறு ஏது? பித்தநீர்தான் மிச்சம், அது வருகிறது. கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை சுரக்கும் சரக்கு அது. நெய்யும் எண்ணெயும் செரிப்பது அதனால்தான். "பித்தம் தலைக்கேறிடுச்சு", "எல்லாம் பித்தம்" என்று தலைச்சுற்றலிலிருந்து கோபம்வரை அதன் தலையில் கட்டுகிறோம். பித்தம் பாவம்.

எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருந்தார். தினமும் காலையில் கொல்லைக் கிணற்றடியில் பல் விளக்கி முடித்ததும், இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டு 'ஓ... ஓ...' என்று பித்தம் எடுப்பார். தெருவே அந்தச் சத்தத்தில்தான் எழுந்திருக்கும். மஞ்சளாக நாலு சொட்டு வந்தால்தான் அவருக்கு அன்றைய நாள் தொடங்கும். அந்த நாலு சொட்டு கெட்ட நீர் இல்லை, வெறும் வயிற்றில் இருக்கும் சாதாரணச் சரக்கு. தினம் இப்படிச் செய்தால் அமிலம் பல்லின் உள்பக்க எனாமலை அரிக்கும். ஓங்கரிக்கும் வேகத்தில் உணவுக்குழாயின் அடிப்பாகம் கிழிந்து ரத்தமே வரலாம். 1929-ல் பாஸ்டன் டாக்டர்கள் மல்லோரியும் வைஸும் எழுதியது அதைப் பற்றித்தான். அவர்கள் பார்த்தது அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு ஓங்கரித்தவர்களை. முதலில் சாப்பாடு வந்து, பிறகு ஓங்கரித்து ஓங்கரித்து, கடைசியில் சிவப்பு வந்தால் இந்தக் கிழிசலாக இருக்கலாம். வாந்தியின் வரிசையும் ஒரு துப்பு.

பெரியவர்களின் பச்சையில் ஒன்றுக்கு மட்டும் பயப்பட வேண்டும். வயிறு உப்பி, காற்றும் பிரியாமல், மலமும் போகாமல், மீண்டும் மீண்டும் பச்சை வந்தால் குடல் அடைப்பு. பழைய ஆபரேஷன் தழும்புக்கு உள்ளே குடல் ஒட்டிக்கொண்டவர்கள், குடலிறக்கத்தை வருஷக்கணக்கில் பெல்ட் போட்டு மறைத்தவர்கள் இதில் அதிகம். கவனிக்காமல் விட்டால் பழுப்பாக, மல நாற்றத்தோடு வரும்.

இனி சிவப்பு. "பொய்ச் சத்தியம் பண்ணினா ரத்தம் கக்கிச் சாவே" என்று சபிக்கும் ஊர் நம்முடையது. ரத்த வாந்தி என்றால் தெய்வக் குற்றம், செய்வினை என்று எலுமிச்சம்பழம் வாங்கப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திடீரென்று கைகொள்ளாமல் புது ரத்தமாக வந்தால், வருஷக்கணக்கான குடியோ, மஞ்சள் காமாலைக் கிருமிகளோ, சர்க்கரையோடு சேர்ந்த கொழுப்போ கல்லீரலைக் கெடுத்து, உணவுக்குழாயின் ரத்தக் குழாய்கள் புடைத்து வெடித்திருக்கலாம். 108-ஐக் கூப்பிடுவதைத் தவிர வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை. இரண்டு எச்சரிக்கை மட்டும். இருமும்போது நுரையோடு வரும் சிவப்பையும் நாம் ரத்த வாந்தி என்றே சொல்கிறோம். அது நுரையீரல் சமாச்சாரம், அதையும் அன்றைக்கே காட்ட வேண்டும். இன்னொன்று, பீட்ரூட், ரோஸ் மில்க், வெற்றிலைச் சாறு இவையும் சிவப்பாகவே வரும். என் தங்கை பையன் ஒரு கல்யாண வீட்டில் ரோஸ் மில்க்கை வாந்தி எடுத்ததற்கு, சமையல்காரர் உட்பட இருபது பேர் ஓடி வந்தார்கள்.

நிறம் ஒன்றுமே சொல்லாத வாந்திகளும் உண்டு. வியர்த்துக் கொட்டி, நெஞ்சோ மேல்வயிறோ கனத்து, ஒரு வாந்தி: 'கேஸ்' என்று சோடா வாங்கிக் கொடுக்கிறோம். மாரடைப்பு அப்படி வருவதுண்டு. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல்கூட வரும். காலையில் எழுந்ததும் தலைவலி, கூடவே வாந்தி என்று பல நாள் தொடர்ந்தால் பார்க்க வேண்டியது மூளையை. ஒரு கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து வாந்தி வந்தால், கண்ணில் அழுத்தம் திடீரென ஏறியிருக்கலாம். வயிற்றுக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டே பார்வையை இழந்தவர்கள் உண்டு. வாந்திக்கான மையம் வயிற்றில் இல்லை, மூளையின் முகுளத்தில் இருக்கிறது. வயிறு, காது, கண், ரத்தத்தில் கலந்த நஞ்சு, மனசு என்று யார் வேண்டுமானாலும் அந்த மணியை அடிக்கலாம். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறும்போது அடிப்பது காது. கண் முன்சீட்டைப் பார்த்து அசைவில்லை என்கிறது, காது சுழல்கிறோம் என்கிறது. சாலையைப் பார்த்து ஓட்டும் டிரைவருக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை.

நம் சினிமாவுக்கோ ஒரே காரணம்தான். கதாநாயகி வாயைப் பொத்திக்கொண்டு ஓடினால், டாக்டரம்மா நாடி பிடித்துவிட்டு "நல்ல விஷயம்தான்" என்பார். கர்ப்பப்பையில் வளரும் கரு அனுப்பும் ஜிடிஎஃப் 15 என்ற ஹார்மோன் மசக்கையின் முக்கியக் காரணம் என்று 2023-ல் நேச்சர் இதழில் ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. திரையில் ஒரு காட்சியோடு முடிவது வீட்டில் மாசக்கணக்கில் நடக்கிறது. சிலருக்குத் தண்ணீர்கூடத் தங்காது. எடை குறையும், சிறுநீர் சுண்டும். "மசக்கைன்னா அப்படித்தான்" என்று மாமியார் சொன்னாலும் அவர்களுக்குச் சலைன் தேவை.

சாப்பாட்டு வாந்திக்குக் கடிகாரத்தைப் பாருங்கள். சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் விருந்துக்குப் போன நாலு பேருக்கும் வாந்தி என்றால், கிருமி ஏற்கெனவே உணவில் கக்கிவைத்த நஞ்சுதான் பெரும்பாலும் காரணம். மத்தியானம் வடித்து வெளியிலேயே கிடந்த சோற்றை ராத்திரி ஃபிரைடு ரைஸ் ஆக்கும்போது இது நடக்கும். "நல்லா சூடு பண்ணினா சரியாப்போயிடும்" என்பது பொய். அந்த நஞ்சு வாணலிச் சூட்டுக்கு அழியாது.

வாந்தி எடுத்தவருக்கு உடனே டம்ளர் நிறையத் தண்ணீரை நீட்டாதீர்கள். பத்து நிமிஷம் விட்டு, ஓ.ஆர்.எஸ். கரைசலை ஒரு ஸ்பூன், கொஞ்சம் பொறுத்து இன்னொரு ஸ்பூன். 1971 வங்கதேசப் போரில் அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, சலைன் பாட்டில் தீர்ந்துபோன டாக்டர் திலீப் மஹலநபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்து டிரம்மில் வைத்து உறவினர்களையே புகட்டச் சொன்னார். சாவு முப்பது சதவீதத்திலிருந்து நாலுக்கும் கீழே இறங்கியது. ஒரு லிட்டருக்கான பாக்கெட் 20.5 கிராம். ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், அரை டம்ளரில் அல்ல. அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்புப் பானம் ஓ.ஆர்.எஸ். ஆகாது.

வாந்தியை வரவழைப்பதையும் விட்டுவிடுங்கள். குழந்தை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் சாணித் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் ஊற்றுகிறார்கள். மண்ணெண்ணெய் வயிற்றில் செய்வதைவிட, மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்ச் செய்யும் கெடுதி பெரிது. பிஸ்கட்டில் தடவி வைத்த எலி பேஸ்டைத் தின்றுவிட்டால் இன்னும் மோசம்: ஒன்றிரண்டு வாந்தி, பிறகு இரண்டு மூன்று நாள் பிள்ளை ஓடி விளையாடும், அதன்பிறகுதான் கல்லீரல் விழும். விளையாடுகிறதே என்று ஏமாறாமல், டியூபையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஓட வேண்டும்.

பெரியப்பா ஆறாம் நாள் வீடு திரும்பினார். கிருமிக்கு இரண்டு வார மாத்திரை, அமிலத்துக்குத் தனி மாத்திரை, டைக்ளோஃபினாக் பக்கமே போகக் கூடாது என்று சீட்டில் கோடு போட்டு எழுதியிருந்தது. கிளம்பும்போது அந்த டியூட்டி டாக்டர் பெரியம்மாவிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அடுத்த தடவை துடைப்பத்தை எடுக்குமுன் செல்போனை எடுங்கள். விளக்கைப் போட்டு ஒரு படம். எத்தனை மணி, எத்தனை தடவை, கடைசியாகச் சாப்பிட்டது என்ன என்று ஒரு வரி. டாக்டரிடம் காட்டியதும் அழித்துவிடலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள், பெரியம்மா போட்டுவிட்டார்.